கொழும்பில் இணைந்த கணிதம் கற்பிக்கும் தனியார் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர்களே,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று கொழும்பிலும் அதன் ஓரங்களிலும் தமிழ்மொழி மூலம் உயர்தரத்துக்குரிய இணைந்த கணிதம் கற்பிக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நானும் இந்நகரத்துப் பாடசாலை ஒன்றில் அதே பாடத்தைக் கற்பிப்பவள். காலையில் என் முன்னால் இருக்கும் பிள்ளைதான் மாலையில் உங்கள் முன்னால் இருக்கிறது. ஒரே பிள்ளையோடு பாடுபடுகிற நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கும் இந்த வேளையிலாவது பேசவேண்டும்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி மூன்று மாதங்களில் பிள்ளைகளுக்குப் புதிதாக எதையும் கொடுக்காதீர்கள். புது ரியூட் (அச்சடித்த பயிற்சித் தாள்), புது செமினார், புதுக் குறுக்குவழி எதுவும் வேண்டாம். அந்த நேரத்தை அவர்கள் தாங்களாகவே எழுதிப் பார்ப்பதற்கு விடுங்கள். எழுதியதை ஒருவர் வரிவரியாக வாசித்துத் திருத்திக் கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள். மற்ற அலகுகளை விட வகையீட்டுக்கும் தொகையீட்டுக்கும் இது அவசரம்.

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பாடசாலையில் நாற்பது நிமிடப் பாடவேளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்திட்டத்தை ஆறுதலாக நடத்தி முடிப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். விளையாட்டுப் போட்டி, கலைவிழா, விடுமுறை என்று கழிந்தது போக மிஞ்சுவது கொஞ்சம். கணித ஆசிரியரே இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு நீங்கள்தான் பாடசாலை. கொரோனாவுக்குப் பிறகு பரீட்சைக் காலமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022க்குரியது 2023 ஜனவரியில், 2023க்குரியது 2024 ஜனவரியில், 2024க்குரியது அதே ஆண்டு நவம்பரில். அதுவும் தொடங்கிய சில நாட்களில் மழைவெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டது. இத்தனை குழப்பத்துக்குள்ளும் பிள்ளைகள் பாடத்தைக் கைவிடாமல் இருந்ததில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கடிதத்தை கல்வி அமைச்சுக்கோ பரீட்சைத் திணைக்களத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பிள்ளைகள் உங்கள் சொல்லைக் கேட்பார்கள்.

வகையீடும் தொகையீடும் சேர்ந்த நுண்கணிதத்தை ஏன் தனியாக எடுக்கிறேன் என்று சொல்லவேண்டும். முதலாம் வினாத்தாளுக்கு 1000 புள்ளி. பகுதி ‘அ’வில் தலா 25 புள்ளியுடன் பத்துக் குறுவினாக்கள், அத்தனைக்கும் விடை எழுதவேண்டும். பகுதி ‘ஆ’வில் தலா 150 புள்ளியுடன் ஏழு வினாக்கள், ஐந்துக்கு எழுதினால் போதும். அண்மைக் கால வினாத்தாள்களைப் பார்த்தால், குறுவினாக்களில் ஒன்று எல்லை, ஒன்று பரப்பளவு அல்லது சுழற்சிக் கனவளவு, ஒன்று பரமான வளையியின் தொடலி அல்லது செவ்வன். நெடுவினாக்களில் 14ஆவது வகையீடு, 15ஆவது தொகையீடு. எல்லாம் சேர்த்தால் 375 புள்ளி. இரண்டாம் வினாத்தாளிலும் நுண்கணிதம் விட்டுவிடாது. மாறும் ஆர்முடுகல், எளிமை இசை இயக்கம், தொகையிட்டுக் காணும் திணிவு மையம் எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. இதில் தடுமாறுகிற பிள்ளை இரண்டு தாள்களிலும் தடுமாறும். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி உயரத்தில் நிற்கிற கொழும்பு மாவட்டத்தில் அந்தத் தடுமாற்றம் ஒரு பல்கலைக்கழக இடத்தையே இல்லாமல் ஆக்கிவிடக்கூடும்.

அப்படியிருந்தும், பயிற்சியால் மிக விரைவில் ஒப்பேற்றக்கூடிய அலகு என்றே எல்லோரும் இதை நினைக்கிறோம். சூத்திரங்களைப் பாடமாக்கு, மாதிரிகளைப் பாடமாக்கு, முடிந்தது. இந்த எண்ணம்தான் என்னை வருத்துகிறது.

என் வகுப்பில் நான் கேட்கும் ஒரு சின்னக் கேள்வியைச் சொல்கிறேன். எக்ஸ் வர்க்கத்தின் நிகர்மாற்றை, அதாவது ஒன்றை எக்ஸ் வர்க்கத்தால் பிரித்ததை, −1 இலிருந்து 1 வரை தொகையிடு. கெட்டிக்காரப் பிள்ளைகள் அரை நிமிடத்தில் −2 என்று எழுதிவிடுவார்கள். சூத்திரத்தைப் போட்டால் அந்த விடைதான் வரும். அந்தச் சார்பு எங்கேயாவது மறையாகிறதா என்று கேட்பேன். இல்லை, எங்கும் நேர். அப்படியானால் எக்ஸ் அச்சுக்கு மேலே மட்டும் கிடக்கும் பரப்பளவு எப்படி மறையாக வந்தது? வகுப்பு அமைதியாகும். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து, ‘பூச்சியத்தில சார்பு இல்லையே, மிஸ்’ என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குரிய பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தொகையீடு விளங்கியிருக்கிறது. இதை ரியூட்டில் அச்சடித்து முன்கூட்டியே கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை அதையும் ஒரு வரியாகப் பாடமாக்கியிருக்கும்.

14ஆவது வினாவுக்கு வருவோம். வகையிட்டுப் பெறுதியைக் காட்டு, வளையி நெருங்கிச் செல்லும் அணுகுகோடுகளையும் திரும்பற் புள்ளிகளையும் கண்டு வரைபை வரை என்பது அதன் வழமையான முதற்பாதி. தொகுதியில், அதாவது பின்னத்தின் மேலே, 2எக்ஸ் − 3, பகுதியில், அதாவது கீழே, (எக்ஸ் − 1) இன் வர்க்கம் என்று ஒரு சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெறுதியைச் சுருக்கினால் தொகுதியில் 2(2 − எக்ஸ்), பகுதியில் (எக்ஸ் − 1) இன் கனம் வரும். திரும்பற் புள்ளி ஒன்றே ஒன்று: எக்ஸ் 2 ஆகும்போது சார்பின் பெறுமானம் 1, அது ஓர் உயர்வு. நிலைக்குத்து அணுகுகோடு எக்ஸ் = 1. கிடை அணுகுகோடு எக்ஸ் அச்சு. இவ்வளவையும் பெரும்பாலான பிள்ளைகள் பிழையில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

வரையும்போதுதான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அணுகுகோட்டின் ஒரு பக்கத்தில் வளையி மேலே போனால் மறுபக்கத்தில் கீழே போகும் என்று கை பழகிவிட்டது. இங்கே பகுதியில் வர்க்கம் இருக்கிறது. 1க்கு அருகில் தொகுதி −1ஐ நெருங்குகிறது. ஆகவே இரண்டு பக்கமும் வளையி மறை முடிவிலிக்கே இறங்கவேண்டும். பெறுதியின் குறியை மூன்று ஆயிடைகளிலும் பார்த்த பிள்ளைக்கு இது தானாகத் தெரியும். எக்ஸ் 1ஐ விடச் சிறிதானால் சார்பு குறைகிறது, 1க்கும் 2க்கும் இடையில் கூடுகிறது, 2க்குப் பிறகு குறைகிறது. அதே பிள்ளை அந்த அட்டவணையை ஒழுங்காகப் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் அதற்கு நேரெதிரான படத்தை வரைவதைக் கண்டிருக்கிறேன். ஏன் இப்படி வரைந்தாய் என்று கேட்டால், ‘சேர் இப்பிடித்தான் வரும் எண்டு சொன்னவர் மிஸ்’ என்கிறது. நீங்கள் வேறொரு சார்புக்கு, சரியாகவே சொல்லியிருப்பீர்கள். கேட்ட பிள்ளை அதைக் காரணத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை, வடிவமாக எடுத்துக்கொண்டது.

இதே வரைபில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். இந்தச் சார்பு கே என்ற மாறிலிக்குச் சமனாக எத்தனை மெய்த் தீர்வுகள் உண்டு என்று கேளுங்கள். வரைபில் ஒரு கிடைக்கோட்டை மேலும் கீழும் நகர்த்தினால் போதும். கே 1ஐ விடப் பெரிதானால் தீர்வே இல்லை. 1 ஆனால் ஒன்று, 0 ஆனாலும் ஒன்று. மற்ற எல்லாப் பெறுமானங்களுக்கும் இரண்டு. அடுத்து, வரைபை மூடிவைத்துவிட்டு, அதையே இருபடிச் சமன்பாடாக எழுதி, தீர்வுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் தன்மைகாட்டியைக் காணச் சொல்லுங்கள். 4(1 − கே) என்று வரும். கே 1 ஆகும்போது அது பூச்சியமாகிறது, ஒரு தீர்வு. கே 0 ஆகும்போது எக்ஸ் வர்க்க உறுப்பே மறைந்து சமன்பாடு ஒருபடியாகிவிடுகிறது, அதனால் அங்கும் ஒரு தீர்வு. 11ஆவது வினாவில் படித்த அட்சரகணிதமும் 14ஆவது வினாவின் வரைபும் ஒரே விடையைச் சொல்கின்றன. இதைத் தன் கையால் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருபது சார்புகளின் வரைபுகளை ஓர் இரவில் பார்த்து முடிப்பதைவிட, ஒரு சார்போடு இப்படி ஒரு மணித்தியாலம் இருப்பது பெரிய ஆயத்தம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

எல்லையைப் பற்றியும் ஒரு சொல். தொகுதியில் 1 கழித்தல் கோசைன் 2எக்ஸ், பகுதியில் எக்ஸ் பெருக்கல் சைன் 3எக்ஸ். எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது எல்லை மூன்றில் இரண்டு. இதைச் சைனின் நியம எல்லையை (சைன் எக்ஸை எக்ஸால் பிரித்ததன் எல்லை 1 என்பதை) கொண்டு மூன்று நான்கு வரிகளில் எழுதலாம். சில வகுப்புகளில் பிள்ளைகளுக்கு தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு எல்லை காணும் லோப்பித்தாலின் விதியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விடை சரியா என்று பார்க்க அது கெட்டியான கருவி, மறுக்கவில்லை. ஆனால் அது நமது பாடத்திட்டத்தில் இல்லை. அதோடு, சைனின் பெறுதியே அந்த நியம எல்லையிலிருந்துதான் பிறக்கிறது. அந்தப் பெறுதியை வைத்து எல்லையை நிறுவப் புறப்பட்டால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம். விதியைக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உயர்வு இழிவுக் கணக்குகளில் எனக்குள்ள கவலை சிறியது. தரப்பட்ட கனவளவுக்கு மிகக் குறைந்த தகடு பிடிக்கும் மூடிய உருளைப் பேணி எது என்று கேட்டால், உயரம் விட்டத்துக்குச் சமன் என்று எல்லோருக்கும் விடை வந்துவிடும். பெறுதியைப் பூச்சியமாக்கியதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது இழிவுதான் என்று காட்டுவதில்லை. நீங்கள் ஒரு தடவை அழுத்திச் சொன்னால் திருந்திவிடும்.

இனி எழுதுவதைப் பற்றி. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டங்களில் புள்ளிகள் ஐந்து ஐந்தாகப் படிமுறைகளுக்குப் பகிரப்பட்டிருக்கும். இறுதி விடை பிழைத்தாலும், வழி சரியாக எழுதப்பட்டிருந்தால் பெரும்பங்கு கிடைக்கும். விடை சரியாக இருந்தும் நடுவே இரண்டு படிகளை விழுங்கிவிட்டால் அந்தப் பங்கு போகும். பிரதியீடு செய்துவிட்டுத் தொகையீட்டின் எல்லைகளை மாற்ற மறப்பது, தொகையீட்டு மாறிலியை விடுவது, பகுதிப் பின்னத்தில் ஒரு குறியை மாற்றி எழுதுவது: இவை நுண்கணிதம் தெரியாததால் வரும் பிழைகள் இல்லை. கை பழகாததால் வருபவை. கரும்பலகையில் நீங்கள் அழகாகச் செய்துகாட்டுவதைப் பார்த்து இவற்றைத் திருத்திக்கொள்ள முடியாது. நீச்சலைக் கரையில் நின்று பார்த்துப் பழகியவர் யார்?

நேரக் கணக்கும் அப்படித்தான். மூன்று மணித்தியாலம், அதாவது 180 நிமிடம், 1000 புள்ளிக்கு. புள்ளிக்கு ஏற்பப் பிரித்தால் ஒரு குறுவினாவுக்கு நாலரை நிமிடமும் ஒரு நெடுவினாவுக்கு 27 நிமிடமும் வரும். வீட்டில் ஆறுதலாகச் செய்து பழகிய பிள்ளை பத்துக் குறுவினாக்களிலேயே ஒன்றரை மணித்தியாலத்தைச் செலவழித்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஐந்து நெடுவினாக்களோடு மல்லுக்கட்டுகிறது. தொகையீட்டில் ஒரு பிரதியீடு சரிவராவிட்டால் எத்தனை நிமிடம் போராடுவது, எப்போது விட்டு நகர்வது என்ற தீர்மானம் முழுத் தாளையும் ஒரே இருப்பில் எழுதி எழுதித்தான் வரும்.

இதற்கெல்லாம் அவர்களுக்கு நேரம் எங்கே? மட்டக்குளியிலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வரும் பிள்ளை பாடசாலை விட்டதும் ஒரு வகுப்பு, அது முடிய இன்னொன்று என்று போய், இரவு வீடு சேரும்போது சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் இருக்கிறது. சனி ஞாயிறு அதைவிட மோசம். ஒரே பாடத்துக்குத் தியறிக்கு ஒருவர், ரிவிஷனுக்கு ஒருவர், பேப்பர் கிளாசுக்கு இன்னொருவர். பரீட்சை நெருங்க நெருங்க செமினார்கள் வேறு. மண்டபம் நிறையப் பிள்ளைகள், ஒலிவாங்கி, திரையில் வேகமாக ஓடும் விடைகள். பிள்ளை எல்லாவற்றையும் பிரதி பண்ணிக்கொண்டு வருகிறது. அந்தக் கொப்பியைத் திரும்ப விரித்துப் பார்க்க அதற்கு ஒரு மாலைகூட மிஞ்சுவதில்லை. போகாவிட்டால் எதையோ தவறவிட்டுவிடுவோம் என்ற பயத்தில்தான் பெற்றோர் காசைக் கட்டுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டுகிற தாய்மாரும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

இந்தப் பயத்தை வளர்க்கும் ஒரு பழக்கத்தை மட்டும் அடியோடு விடச் சொல்லிக் கேட்கிறேன். ‘இந்த முறை இது கட்டாயம் வரும்’, ‘இந்த அலகை விடலாம்’ என்று சொல்லாதீர்கள். வட்ஸ்அப்பில் அது ஒரு மணித்தியாலத்தில் கொழும்பு முழுக்கப் போய்விடுகிறது. விட்ட அலகில் கேள்வி வந்து மண்டபத்தில் உறைந்துபோகும் பிள்ளைக்கு அப்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முந்திய ஒரு நள்ளிரவிலிருந்து வகுப்புகளையும் செமினார்களையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் திணைக்களம் ஒவ்வோர் ஆண்டும் தடைசெய்கிறது. அந்த நள்ளிரவு வரைக்கும் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இருநூறு பேருடைய விடைத்தாள்களை ஓர் ஆசிரியர் எப்படித் திருத்துவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்களிடம் படித்து இன்று மொறட்டுவையிலும் கொழும்பிலும் பேராதனையிலும் பொறியியலும் கணிதமும் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கொடுப்பனவு கொடுத்து, புள்ளியிடும் திட்டத்தை விளங்கப்படுத்திவிட்டால் நன்றாகத் திருத்துவார்கள். செமினாருக்கு மண்டப வாடகையாகப் போகும் பணத்தில் இதைச் செய்யலாம். இன்னொரு வழி, பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக இருத்தி ஒருவர் தாளை மற்றவர் திருத்தச் செய்வது. சிநேகிதியின் தாளில் விடுபட்ட மாறிலியைக் கண்டுபிடித்துப் புள்ளியை வெட்டிய பிள்ளை, தன் தாளில் அதை இலகுவில் விடாது. திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள் தமிழிலும் வருகின்றன. பரீட்சார்த்திகள் எங்கே வழுக்குகிறார்கள் என்று வினா வினாவாக அவற்றில் எழுதியிருக்கிறது. ஒரு முழு வகுப்பை அதை வாசிப்பதற்கு ஒதுக்கினாலும் தகும்.

வகுப்பில் ஒரு கணக்கைக் கொடுத்தால் முதற் பத்து நிமிடம் நீங்கள் கரும்பலகைப் பக்கம் போகாதீர்கள். பிள்ளைகள் பிழையாகவே எழுதட்டும். அந்தப் பத்து நிமிடத்தின் அமைதி உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், காசு கட்டிய பெற்றோருக்கு விளக்கம் சொல்லவும் வேண்டியிருக்கும். அந்த விளக்கத்தை நானும் என் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறேன். இருவரும் ஒன்றையே சொன்னால் அவர்கள் நம்புவார்கள்.

இந்த நகரத்தில் தமிழர் கணிதம் கற்பித்த மரபு சின்னதில்லை. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் திராக்கிடம் ஆய்வு செய்தவர். அந்த மரபின் இன்றைய கண்ணி பல்கலைக்கழகத்தில் மட்டும் இல்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் மாடி அறைகளிலும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உங்களை அந்த இடத்தில் வைத்துத்தான் இவ்வளவும் கேட்கிறேன்.

முதல் அடியாக ஒன்றைச் செய்வோம். வரும் பாடசாலை விடுமுறையில் ஒரு நாளைத் தெரிவுசெய்து, கொழும்பிலுள்ள எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் முதலாம் வினாத்தாளுக்கு ஒப்பான ஒரே தாளைக் கொடுப்போம். எந்த ஆசிரியருடைய பெயரும் விளம்பரமும் அந்தத் தாளில் வேண்டாம். கட்டணமும் வேண்டாம். மூன்று மணித்தியாலம் எழுதட்டும். திருத்திய தாள்களை இரண்டு வாரத்துக்குள் பிள்ளைகளின் கையில் கொடுப்போம். இடத்துக்குப் பாடசாலை மண்டபம் ஒன்றைக் கேட்டுப் பெறும் பொறுப்பு என்னுடையது. 14ஆவது, 15ஆவது வினாக்களைத் திருத்த என்னோடு பணிபுரியும் ஆசிரியர்கள் சிலரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். உங்களில் யார் யார் சேர்கிறீர்கள் என்பதை உங்கள் மாணவர் மூலமாகவே எனக்குச் சொல்லியனுப்பலாம். அவர்களுக்கு என்னைத் தெரியும்.

அன்புடனும் மதிப்புடனும்,
கொழும்புப் பாடசாலை ஒன்றின் இணைந்த கணித ஆசிரியை